குச்சிக்கிழங்குச் சாகுபடியில் தீர ஆலோசித்து முடிவு செய்யும் முறை

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்னும் பழமொழியை அறியாத குடியானவர் நம் நாட்டில் இல்லை. ஆயினும் கணக்கே வைக்காமலிருப்பதற்கு இப்பழமொழியைச் சமாதானமாகச் சொல்லுவோர் பலர். அதன் உண்மைப் பொருள் அதுவன்று. பயிர்த்தொழிலில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பமாகையால், ஒரே ஒரு தவறான முடிவு வருஷம் முழுவதும் பட்ட பாட்டை விழுங்கிவிடக்கூடும் என்பதே அது நமக்கு உணர்த்துவது. உழவு, எரு, நீர்ப்பாய்ச்சல் முதலியவற்றைப்பற்றிக் குடியானவருக்குப் போதிப்பவர் அநேகர். எந்தப் பயிரை வைப்பது, எப்பொழுது விற்பது, பூச்சி கண்டபோது என்ன செய்வது என்னும் முடிவுகளை எவ்விதம் செய்வது என்பதைப்பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இக்கட்டுரையில் அதனையே, சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் யாவரும் அறிந்த குச்சிக்கிழங்குப் பயிரை உதாரணமாக வைத்து, ஒருவாறு விளக்குவோம்.

பயிரின் வரலாறு

மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் வழங்கும் இப்பயிர் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. சேலத்தில் இது பெரும் வியாபாரப் பயிராகியது இரண்டாவது உலக யுத்த காலத்திலாகும். யுத்தத்தினால் மலேயா முதலிய கீழ்நாடுகளிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் வருவது தடைப்பட்டது. 1943-ஆம் ஆண்டையொட்டி, சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் அத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, கிழங்கிலிருந்து மாவெடுத்து ஜவ்வரிசி செய்யும் தொழிலை இங்கே தொடங்கினர் என்று கூறுவர். பின்னர் ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் முதலிய இடங்களின் புன்செய்களிலும் கிணற்றுத் தோட்டங்களிலும் இப்பயிர் பரவிற்று. 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தபின்னும், கிழங்கு விஷயத்தில் இவ்விரு ஜில்லாக்களும் ஒரே சந்தையாகவே இருந்து வருகின்றன. "சேலம் ஜவ்வரிசி" என்னும் பெயருக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இத்தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. கிழங்கை விளைவிப்பவர் இங்கே இருக்கிறார். அரைத்து ஜவ்வரிசியாக்குபவரும் இங்கே இருக்கிறார். அதை உண்பவரோ பெரும்பாலும் மகாராஷ்டிரம், குஜராத், வங்காளம் முதலிய தேசங்களில் இருக்கிறார். அங்கே ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி முதலிய விரத நாட்களில் ஜவ்வரிசியின் செலவாணி அதிகம். ஸ்டார்ச்சு மாவோ நெசவு ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடவும், காகிதம் செய்யவும் போகிறது. அவ்விடங்களில் மக்காச்சோள மாவு அதனுடன் போட்டியிடுகிறது. ஆகவே, இராசிபுரத்துக் குடியானவர் ஒருவரின் கிழங்கு விலை, அவர் கண்ணால் காணாத ஊர்களின் விரதத்தையும், அவர் பயிரிடாத வேறொரு தானியத்தின் விளைவையும் பொறுத்து நிற்கிறது. இவ்வளவு தூரத்திலுள்ள காரணங்களால் ஆடும் விலையை, நம் ஊர்த் தெருவில் கேட்ட செய்தியைக்கொண்டு மட்டும் நிதானிப்பது எவ்வளவு அபாயம் என்பது இதனால் விளங்கும்.

சென்ற வருஷத்து விலையை நம்பி நடுதல்

குடியானவர் செய்யும் முதல் முடிவு, எத்தனை ஏக்கரில் குச்சி நடுவது என்பது. இதில் நேரிடும் பொதுவான பிழை யாதெனில், சென்ற அறுவடையின் விலையையே அடுத்த அறுவடைக்கும் எதிர்பார்ப்பதாகும். விலை உயர்ந்த வருஷத்தில் ஊர் முழுவதும் குச்சி தேடி அலைகிறது, ஒன்பது, பத்து மாதம் கழித்து எல்லோருடைய கிழங்கும் ஒரே சமயத்தில் ஆலைக்கு வருகிறது, விலை விழுகிறது. விழுந்த விலையைக் கண்டு மனம் நொந்து அடுத்த பருவத்தில் பலர் நடாமல் விடுகின்றனர். கிழங்கு அருகி விலை மறுபடி ஏறுகிறது. அப்பொழுது நட்டு வைத்திராதவர் வருந்துகின்றனர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பொருளாதார அறிஞர் மோர்டெகாய் எசகியேல் என்பவர் 1938-ஆம் ஆண்டிலேயே, பயிர் விளைவும் விலையும் இவ்விதம் ஒன்றையொன்று துரத்திச் சுற்றிவருவதை ஆராய்ந்து எழுதினார். கோடுகளால் வரைந்து காட்டும்போது அது சிலந்திவலைபோல் தோன்றுவதால் அதற்குச் சிலந்திவலைக் கொள்கை என்று பெயர் வந்தது. வலையில் அகப்பட்ட பூச்சியைப்போல் குடியானவர் அதில் சுற்றாமலிருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சென்ற வருஷத்து விலையை விட்டு, சென்ற ஐந்தாறு வருஷங்களில் தாம் விற்ற விலைகளை ஒரு புத்தகத்தில் எழுதி வைத்து, அவற்றுள் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, எஞ்சியவற்றின் நடுவிலையைக்கொண்டு கணக்கிடுவது. அந்த நடுவிலைக்கும் கட்டுப்படியாகுமானால் நடலாம்; உயர்ந்த விலைக்கு மட்டுமே கட்டுப்படியாகுமானால் அது பயிர்த்தொழிலன்று, சூதாட்டமேயாகும். மற்றொன்று, விலையின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப நிலம் முழுவதையும் மாற்றாமல், ஒரு பங்கு நிலத்தில் மட்டும் குச்சியை நிலையாக வைத்துக்கொண்டு, மீதியில் நிலக்கடலை, பயறு, சோளம், சின்ன வெங்காயம் என்று பகிர்ந்து வைப்பது.

பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

முடிவுகளுள் திரும்பப் பெறக்கூடியன சில. திரும்பப் பெறமுடியாதன சில. ஊடுபயிராக எந்தப் பயறு விதைப்பது என்பதில் தவறு நேர்ந்தால் அடுத்த பட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். பிடுங்கிய கிழங்கையோ மறுபடி மண்ணில் புதைக்க முடியாது. மண்ணிலிருக்கும்வரை சில வாரங்கள் பொறுக்கும் கிழங்கு, பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். வண்டியில் ஏற்றி ஆலை வாசலில் நின்றபின் பேரம் பேசும் வலிமை குடியானவரிடம் இல்லை. ஆதலால் திரும்பப் பெறக்கூடிய முடிவுகளை விரைவாகச் செய்து அனுபவத்தால் கற்றுக்கொள்ளலாம். திரும்பப் பெறமுடியாத முடிவுகளில் மட்டும் நிதானம் வேண்டும். "பதறாத காரியம் சிதறாது" என்பது இவ்விடத்தில்தான் பொருந்தும்.

கிழங்கின் விலை அதிலுள்ள மாவுச்சத்தின் பாயிண்டைப் பொறுத்தது என்பதைக் குடியானவர் அறிவர். மழை பெய்து செடி புதுத் துளிர் விடும்போது, கிழங்கில் சேர்ந்திருந்த மாவுச்சத்தைச் செடியே எடுத்துக்கொள்ளுவதால் பாயிண்டு குறையும். எனவே, விலை ஏறும் என்று காத்திருப்பவர் விலையை மட்டும் கவனித்தால் போதாது. எடை, பாயிண்டு, விலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கவேண்டும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்ளுவோம்.

ஒருவருக்கு இரண்டு ஏக்கரில் 20 டன் கிழங்கு நிற்கிறது, பாயிண்டு 26, ஒரு பாயிண்டுக்கு டன்னொன்றுக்கு விலை ரூபாய் 300. இன்று பிடுங்கினால் அவருக்குக் கிடைப்பது ரூபாய் 1,56,000. ஒரு மாதம் காத்திருந்தால் எடை 21 டன்னாகும் என்றும், நீர், காவல், கடன் வட்டி ஆகியவற்றுக்கு ரூபாய் 4,000 செலவாகும் என்றும் கொள்ளுவோம். அப்பொழுது நான்கு விதமான பலன்கள் நேரிடலாம்:

1. மழையில்லாமல் பாயிண்டு 27 ஆகி, விலையும் 320-க்கு ஏறினால், வரவு ரூபாய் 1,81,440. செலவு போக இன்றைய தொகையைவிட ரூபாய் 21,440 அதிகம்.
2. விலை 320-க்கு ஏறியும், மழையினால் பாயிண்டு 23-க்கு இறங்கினால், வரவு ரூபாய் 1,54,560. செலவையும் சேர்த்து ரூபாய் 5,440 நஷ்டம்.
3. பாயிண்டு 27 ஆகியும், விலை 270-க்கு இறங்கினால், வரவு ரூபாய் 1,53,090. செலவையும் சேர்த்து ரூபாய் 6,910 நஷ்டம்.
4. மழையும் பெய்து விலையும் இறங்கினால், வரவு ரூபாய் 1,30,410. செலவையும் சேர்த்து ரூபாய் 29,590 நஷ்டம்.

காத்திருக்க விரும்பும் மனம் இந்நான்கில் முதலாவதை மட்டும் கண்முன் வைத்துக்கொள்ளுகிறது; மற்ற மூன்றும் அதன் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. விலை ஏறியும் நஷ்டம் வரக்கூடும் என்பதை இரண்டாவது கணக்கு காட்டுகிறது. இதனால் காத்திருப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. வானம் வறண்டிருக்கும் மாதத்தில் முதலாவதும் மூன்றாவதும் நிகழக்கூடியன. மழைக் காலம் நெருங்கியிருந்தால் இரண்டாவதும் நான்காவதும் நிகழக்கூடியன. தம்முடைய நிலைமைக்கு எவை பொருந்தும் என்று அவரவர் நிதானித்து, நான்காவது நேர்ந்தாலும் தாங்கக்கூடியவர் மட்டுமே காத்திருக்கவேண்டும். துணிவும் அச்சமும் சமமாக இருப்பவர் பாதியைப் பிடுங்கிப் பாதியை விட்டுவைப்பது நடுவழியாகும். எவ்வழியாயினும், வயலில் நாலைந்து இடங்களில் ஓரிரு செடிகளைப் பிடுங்கிப் பாயிண்டைப் பரீட்சித்து, இரண்டு மூன்று ஆலைகளில் விலை விசாரித்து, பேச்சு முடிந்தபின்னரே ஆட்களை வயலில் இறக்கவேண்டும்.

இங்கே மனித மனத்தின் ஓர் இயல்பையும் கவனிக்கவேண்டும். டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு மனநூல் அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூறு ரூபாய் கிடைப்பதனால் வரும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் போவதனால் வரும் துயரமே மனிதருக்குப் பெரிது என்று காட்டினர். கானெமனுக்கு 2002-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. சென்ற வருஷம் பாயிண்டுக்கு 350 விற்றவர் இந்த வருஷம் 300-ஐக் காணும்போது, அதை வரவாக எண்ணாமல் ஐம்பது ரூபாய் நஷ்டமாக எண்ணுகிறார்; அந்நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பிடுங்காது வைத்திருக்கிறார். அவ்வாறே, "இந்த வயலுக்கு இவ்வளவு செலவழித்துவிட்டேனே" என்று, தேறாத பயிருக்கு மேலும் எருவும் மருந்தும் வாங்கிப் போடுகிறார். சென்ற வருஷத்து விலையும் திரும்பி வாராது. செலவழித்த பணமும் திரும்பி வாராது. இன்றுமுதல் இனிமேல் வரக்கூடிய வரவையும் செலவையும் மட்டுமே எடைபோடவேண்டும்.

மாவுப்பூச்சியும் குளவியும்

அவசரமாகச் செய்யும் முடிவுக்கும் ஆலோசித்துச் செய்யும் முடிவுக்கும் உள்ள வேற்றுமையை நம் ஜில்லாக்களிலேயே நேரில் கண்டோம். மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சி 2020-ஆம் ஆண்டில் கேரளத்தில் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டு, விரைவில் தமிழ்நாட்டு வயல்களிலும் பரவிற்று. அது தாக்கிய செடியின் நுனி சுருங்கிக் கொத்துக்கொத்தாகி, கணுக்கள் குறுகி, வளர்ச்சி நின்றுவிடும். இதைக் கண்ட குடியானவருக்கு உடனே தோன்றுவது மருந்து தெளிப்பதுதான். "ஏதாவது செய்யவேண்டும்" என்னும் தவிப்பு ஒருபுறம். பக்கத்து வயற்காரர் தெளித்துவிட்டாரே என்னும் கவலை மற்றொருபுறம். யோசனை கேட்கப் போகுமிடமோ மருந்து விற்கும் கடை. விற்பதில் ஆதாயமுள்ளவரிடம், வாங்கலாமா என்று கேட்டால் வேறென்ன விடை வரும்? அவர் பொய் சொல்லுகிறார் என்பதில்லை. அவருடைய நோக்கம் வேறு, நம்முடைய நோக்கம் வேறு என்பதே.

பூச்சியின்மேல் மெழுகு போன்ற வெண்பூச்சு மூடியிருப்பதால் மருந்து அதன் உடம்பில் எளிதிற் படுவதில்லை. பூச்சியைக் கொல்லும் சிறு குளவிகளோ அம்மருந்தினால் மடிகின்றன. இதை உலகம் முன்னரே கற்றிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் இப்பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் புகுந்து, மரவள்ளியையே உணவாகக் கொண்ட பல நாடுகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரும் அவருடைய தோழர்களும், பூச்சியின் தாயகமான தென் அமெரிக்காவில் தேடி, பராகுவே நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெஸி என்னும் சிறு குளவியைக் கொண்டுவந்து பரப்பினர். குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். இத்தொண்டுக்காக ஹெரனுக்கு 1995-ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. 2008-இல் இப்பூச்சி தாய்லாந்தில் புகுந்தபோது, அந்நாட்டார் அடுத்த ஆண்டிலேயே ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்தனர்.

நமக்கும் ஓர் அனுபவம் இருந்தது. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலியவற்றை நாசம் செய்தது. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட குளவிகளுள் அசெரோபேகஸ் பப்பாயே என்பது நன்கு நிலைபெற்று அப்பூச்சியை அடக்கிற்று. ஆகையால் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தபோதும், பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிலையத்தார் 2021-இல் பெனினிலிருந்து குளவியைத் தருவித்தனர். ஆயினும் கைக்கு வந்தவுடன் வயலில் விட்டுவிடவில்லை. நன்மை செய்யும் மற்றப் பூச்சிகளுக்கு அதனால் தீங்கு நேருமா என்று தனிக் கூடத்தில் அடைத்து வைத்துப் பரீட்சித்து, அனுமதி பெற்றபின், 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டனர். பூச்சியை விரைவில் அடக்கவேண்டும் என்பது ஒரு நோக்கம். புதிய தீங்கை வரவழைத்துக்கொள்ளக்கூடாது என்பது மற்றொரு நோக்கம். வயலில் விட்ட குளவியைத் திரும்பப் பிடிக்க முடியாதாகையால், அங்கே நிதானம் அவசியமாயிற்று.

இனி, குளவி வந்த வட்டாரத்தில் குடியானவர் செய்யவேண்டிய முடிவு ஒன்றுண்டு. ஒருவர் தெளிக்காமலிருந்து, சுற்றிலும் பத்துப்பேர் தெளித்தால் குளவி நிலைக்காது. எனவே இது ஒருவருடைய முடிவன்று, ஊர் முடிவாகும். பூச்சி கண்ட நுனிகளைக் கிள்ளி அழிப்பதும், பூச்சியில்லாத வயலிலிருந்தே குச்சி எடுப்பதும், குளவி விட்ட இடங்களில் மருந்தைத் தவிர்ப்பதும் என்று ஊரார் கூடி ஒப்புக்கொள்ளவேண்டும். தேமல் நோய்க்கும் இதே நியாயம் பொருந்தும். நோயுள்ள செடியின் கரணை இனாமாகக் கிடைத்தாலும், அடுத்த பத்து மாத விளைவைக் குறைத்து, வெள்ளை ஈயின் வழியாகப் பக்கத்து வயலுக்கும் நோயைக் கொடுக்கும். இன்று மிச்சப்படும் சில நூறு ரூபாய் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிகிறது. நாளை வரும் நஷ்டமோ தெரிவதில்லை.

ஒன்றுக்கொன்று மாறான நோக்கங்கள்

பண்ணை என்பது வியாபாரம் மட்டுமன்று, குடும்பமும் ஆகும். வருமானம் பெருகவேண்டும், கடன் தவணை தவறக்கூடாது, கிணற்று நீர் கோடைவரை நிற்கவேண்டும், மாட்டுக்குத் தட்டு வேண்டும், மண் வளம் குன்றக்கூடாது, பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் குறித்த மாதத்தில் வேண்டும் என்று பல நோக்கங்கள் ஒரே இரண்டு ஏக்கரின்மேல் வந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பயிரால் நிறைவேற்ற இயலாது. குச்சியை வைத்தால் பத்து மாதம் நிலம் அடைபட்டிருக்கும். நடுவில் பணம் வாராது. மாட்டுக்குச் சோளத்தட்டும் கிடையாது.

இவ்விதச் சிக்கலில் உபயோகமான முறை ஒன்றுண்டு. நோக்கங்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதவேண்டும். அவற்றுள் தவறவே கூடாதவற்றை முதலில் பிரிக்கவேண்டும்: கடன் தவணை, குடிநீர், மாட்டுத் தீனி என்பன போன்றவை. இவற்றுக்கு எவ்வளவு நிலமும் நீரும் தேவை என்று கணக்கிட்டு ஒதுக்கியபின், எஞ்சியதில்தான் ஆதாயத்தைப் பெருக்க முயலவேண்டும். முதலில் ஆதாயத்தைக் கணக்கிட்டுவிட்டு, மற்றவை எப்படியோ நடக்கும் என்றிருப்பவர், தவணை வந்த மாதத்தில் விளையாத கிழங்கைக் குறைந்த பாயிண்டுக்குப் பிடுங்க நேரிடுகிறது. வீட்டிலுள்ள பெண்டிரை இந்த ஆலோசனையில் சேர்த்துக்கொள்ளுவது அவசியம். மாட்டையும் வீட்டுச் செலவையும் கவனிப்பவர்கள் அவர்களே. ஆண்கள் மறந்துவிடும் செலவுகள் அவர்கள் நினைவிலிருக்கும்.

சங்கங்களிலும் கூட்டங்களிலும் முடிவு செய்தல்

தனி மனிதரின் பிழை ஒன்றாயிருக்க, கூட்டத்தின் பிழை வேறொரு விதமானது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் முன்பு சரக்கை வைக்க இடமும், கைப்பணமும் இன்றி, வியாபாரி கேட்ட விலைக்குத் தனித்தனியே விற்று வந்தனர். அதை நீக்குவதற்காகவே 1981-ஆம் ஆண்டில் சேலத்தில் சேகோசர்வ் என்று வழங்கும் தொழிற்கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. சரக்கைக் கிடங்கில் வைத்து அதன்மேல் முன்பணம் கொடுப்பதும், டெண்டர் மூலம் விற்பதும் அதன் முக்கிய வேலைகளாயின. முட்டை விஷயத்திலும் அவ்வாறே 1982-ஆம் ஆண்டில், டாக்டர் பி. வி. ராவ் முதலியோரின் முயற்சியால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. நாமக்கல் பண்ணையாளர் அதன் விலை அறிவிப்பைத் தினந்தோறும் எதிர்பார்க்கின்றனர்.

இவ்விரண்டு அமைப்புகளும் பெரும் நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் சங்கம் ஏற்பட்டதனாலேயே நோக்கங்களின் முரண் மறைந்துவிடாது. முட்டை கெடும் பண்டமாகையால், எல்லோரும் விலையைத் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று கூட்டத்தில் கைதூக்கியவரே, தம் கிடங்கு நிறைந்தவுடன் அறிவித்த விலைக்குக் குறைத்துத் தள்ளிவிட நேரிடுகிறது. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலப்பதாகவும், வெண்மைக்காக இரசாயனம் சேர்ப்பதாகவும் எழும் புகார்களும் இத்தகையனவே: கலப்பவருக்கு வரும் ஆதாயம் அவருக்கு மட்டும் உரியது, கெடும் பெயரோ சேலம் ஜவ்வரிசி முழுவதற்கும், கடைசியில் கிழங்கு விளைவித்த குடியானவருக்கும் உரியதாகிறது. ஆகவே சங்க விதிகளை வகுப்போர், அங்கத்தினர் நல்லவராயிருப்பர் என்று நம்புவதோடு நில்லாமல், விதியை மீறுபவருக்கு ஆதாயம் மிஞ்சாதபடி பரீட்சையும் தண்டனையும் அமைக்கவேண்டும்.

கூட்டங்களின் வழக்கத்திலும் ஒரு குறையுண்டு. நம் ஊர்களில் பெரிய நிலக்காரரோ, வயதில் மூத்தவரோ முதலில் பேசிவிடுவார். பின்பு பேசுபவர்கள் மரியாதையினால் அதையே திருப்பிச் சொல்லுவர். மாறாக எண்ணுபவர் வாய் திறவார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதென்று புத்தகத்தில் எழுதப்படும். வெளியே வந்தபின் திண்ணையில்தான் உண்மையான அபிப்பிராயங்கள் பேசப்படும். மரியாதையை விடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வரிசையை மாற்றினாற் போதும். வயதில் இளையவரும் சிறு நிலக்காரரும் முதலில் பேசட்டும். பெரியவர் கடைசியில் பேசட்டும். அல்லது ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தபின் பேச்சைத் தொடங்கலாம். கேரி கிளைன் என்னும் அமெரிக்க அறிஞர் கூறும் ஒரு முறையும் கையாளத் தக்கது. தீர்மானம் செய்யுமுன், "ஒரு வருஷம் கழிந்தது, இம்முயற்சி முற்றிலும் கெட்டுப்போயிற்று, எதனால் கெட்டது?" என்று ஒவ்வொருவரையும் கேட்கவேண்டும். எதிர்த்துப் பேசத் தயங்குபவரும் இக்கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லுவர். பெரியவரைக் குறைகூறியதாகவும் ஆகாது.

கிராம அலுவலர்கள் செய்யக்கூடியது

குடியானவருடைய முடிவு சரியாக அமைய, அவருக்குக் கிடைக்கும் தகவல் சரியாக இருக்கவேண்டும். கிராமத்தில் எத்தனை ஏக்கரில் குச்சி நிற்கிறது என்பதற்கு ஆதாரம் அடங்கல் கணக்கே. வயலைப் பாராமல் சென்ற பசலியின் கணக்கையே பெயர்த்தெழுதினால், குச்சி இருமடங்காகப் பெருகிய வருஷத்திலும் கணக்கில் அது தெரியாது; விலை வீழ்ச்சி வரப்போவதை ஒருவரும் முன்கூட்டி அறியார்; பயிர் நஷ்டத்துக்கு நிவாரணம் கேட்பவரின் பெயரும் விட்டுப்போகும். கணக்கைச் செம்மையாக எழுதுவது அலுவலரின் வேலையை முடிப்பதற்காக மட்டுமன்று; ஊராரின் பணத்தைக் காப்பதற்காகவும் ஆகும். நடவு முடிந்தவுடன், கிராமத்தில் நட்ட குச்சியின் பரப்பைச் சென்ற பசலியின் பரப்புடன் ஒப்பிட்டுக் கிராம சபையில் தெரிவித்தால், அதைப்போல் உபயோகமான செய்தி வேறில்லை. பூச்சியோ நோயோ கண்டால் மறைக்காமல் உடனே இலாகாவுக்கு எழுதுவதும் அவ்வாறே. தம் கிராமத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று தாமதிப்பது, தீயை வைக்கோலால் மூடுவதற்கு ஒப்பாகும்.

மேற்கூறியவற்றின் சுருக்கம்

1. சென்ற வருஷத்து விலையை நம்பி நடவேண்டாம். பல வருஷங்களின் நடுவிலையைக்கொண்டு கணக்கிடுக.
2. எடை, பாயிண்டு, விலை மூன்றையும் பெருக்கிப் பார்த்தபின் பிடுங்குவதா என்று தீர்மானிக்க; மோசமான பலனையும் எழுதிப் பார்க்க.
3. செலவழிந்துபோன பணத்தைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.
4. யோசனை சொல்லுபவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று முதலில் எண்ணிப் பார்க்க.
5. தவறக்கூடாத நோக்கங்களுக்கு முதலில் நிலமும் நீரும் ஒதுக்குக.
6. பூச்சி, நோய் விஷயத்தில் ஊரோடு கூடி முடிவு செய்க.
7. கூட்டத்தில் இளையவரை முதலிற் பேசவிடுக.
8. எடுத்த முடிவையும் அதற்குரிய காரணத்தையும் தேதியிட்டு எழுதி வைக்க.

இவற்றுள் கடைசியானது மிகவும் முக்கியம். நல்ல முடிவு செய்தும் மழையினால் நஷ்டம் வரலாம். தவறான முடிவு செய்தும் அதிருஷ்டத்தால் ஆதாயம் வரலாம். பலனை மட்டும் பார்ப்பவர் அதிருஷ்டத்தைத் தம் சாமர்த்தியமென்று எண்ணி, அடுத்த முறை அதையே செய்து கெடுவார். அன்று என்ன அறிந்திருந்தோம், ஏன் அவ்விதம் செய்தோம் என்று எழுதி வைத்தவரோ தம் பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்ளுவார். இதற்கு வேண்டியது ஒரு நோட்டுப்புத்தகமும், வாரத்தில் அரைமணி நேரமுமே. அடுத்த குச்சி நடவுக்கு முன் ஒவ்வொரு குடியானவரும் அந்நோட்டுப்புத்தகத்தைத் தொடங்குவாரானால், உழுதவன் கணக்குப் பார்த்தாலும் உழக்குக்கு மேலேயே மிஞ்சும் என்பது திண்ணம்.